வரிசை குலைந்த சனிக்கிழமை

தண்ணீர் வடிந்த பிறகுதான் எங்கள் தெருவில் ரத்தம் சிந்தியது. வெள்ளத்தில் சாகாத என் மனைவி எஸ்தர், வெள்ள நிவாரணம் கொடுத்த இடத்தில் சாகக் கிடந்தாள். அதற்குக் காரணம் என் கை. கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பாதியை மறைத்துச் சொன்னால் அது சாட்சி இல்லை, விளம்பரம்.

என் பெயர் தேவராஜ். நெமிலிச்சேரி ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் குடியிருக்கிறோம். ஆவடியில் ராணுவத்துக்குத் தளவாடம் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் கிரேன் ஓட்டுகிறேன். அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார், குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தேன். கல்யாணம் ஆனதும் இங்கே மனை வாங்கி வீடு கட்டினோம். விற்றவர் ஏரிக்காற்று நன்றாக வரும் என்று சொன்னார். ஏரியும் வரும் என்று சொல்லவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை பேசும். ஞானஸ்நானம் எடுத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. குடியை விட்டேன், சிகரெட்டை விட்டேன், கையை நீட்டுகிற பழக்கத்தை மட்டும் விடவில்லை. எஸ்தரை அடித்திருக்கிறேன். ஒரு தரம் இரண்டு தரம் இல்லை. அடித்துவிட்டு முழங்காலில் நின்று அழுது ஜெபிப்பேன். மனம் லேசாகிவிடும். அடுத்த மாதம் திரும்பவும் அடிப்பேன். இந்தப் பகுதியை மட்டும் சபையில் சொல்லாமல் விட்டுவிடலாமே என்று போதகர் தயங்கினார். விடக் கூடாது என்று எஸ்தர் சொல்லிவிட்டாள்.

அந்தக் கார்த்திகை மாதப் புயலில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்தது. விடியற்காலையில் எழுந்தபோது கட்டில் கால் தண்ணீரில் நின்றது, பத்து மணிக்குக் கட்டிலே மிதந்தது. நானும் எஸ்தரும் பக்கத்து மாடி வீட்டு மொட்டை மாடியில் நாற்பது பேரோடு ஐந்து நாள் கிடந்தோம். செத்த எருமை ஒன்று எங்கள் வாசல் கேட்டில் வந்து சிக்கி, அங்கேயே ஊதிக்கொண்டு கிடந்தது. நாற்றம் தாங்காமல் குழந்தைகள் வாந்தி எடுத்தார்கள். ஐந்தாம் நாள் தண்ணீர் இறங்கியதும் வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். முழங்கால் அளவு சேறு. பீரோ குப்புறக் கிடந்தது. எஸ்தரின் தையல் மிஷின் சேற்றில் புதைந்து சக்கரம் மட்டும் தெரிந்தது. பன்னிரண்டு வருஷம் விசுவாசியாக இருந்தும் அன்றைக்கு எனக்கு ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை. எல்லார் மேலும் ஆத்திரம்தான் வந்தது.

எங்கள் சபை சின்னது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, முன்னால் ஒரு இரும்பு கேட், அவ்வளவுதான். தென் மாவட்டத்துச் சபைகள் சில சேர்ந்து எங்களுக்கு ஒரு லாரி நிறைய சாமான் அனுப்புவதாகச் சொன்னார்கள். அரிசி, பருப்பு, கம்பளி, தார்ப்பாய், குழந்தைகளுக்குப் பால் பவுடர். சபைக்கு மட்டும் இல்லை, சுற்றியிருக்கிற எல்லாருக்கும் கொடுங்கள் என்றார்கள். பங்கிடுகிற பொறுப்பைப் போதகர் என்னிடம் கொடுத்தார். தேவராஜ் நின்றால் வரிசை தானாக நிற்கும் என்று அவர் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது.

நான் ஒரு ஏற்பாடு செய்தேன். எங்கள் ரேஷன் கடையின் கார்டு காட்டினால் ஒரு டோக்கன். மஞ்சள் காகிதத்தில் நம்பர் எழுதி, சபை முத்திரை குத்தி வியாழக்கிழமையே கொடுத்துவிடுவது, சனிக்கிழமை லாரி வந்ததும் டோக்கனை வாங்கிக்கொண்டு சாமான் கொடுப்பது. எங்கள் தொழிற்சாலையில் சீட்டு இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூட கேட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. இருபத்தைந்து வருஷம் அப்படியே பழகிய புத்தி. குழுவில் இருந்த மற்றவர்களும் எங்களைப் போல மாதச் சம்பளக்காரர்கள்தான். எல்லாரும் சரி என்றார்கள்.

வியாழக்கிழமை வரிசையில் ஒரு அம்மா வந்தார். பெயர் சிவமலர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் பகுதியில் அரிசி ஆலைக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. இலங்கையில் போர் நடந்தபோதும் அது முடிந்த பிறகும் படகேறி வந்த பதினோரு குடும்பங்கள் அங்கே வாடகைக்கு இருக்கின்றன. அவர்களுடைய பதிவெல்லாம் வேறு ஊரில் இருக்கிற அகதி முகாமில். பெயிண்ட் அடிக்கிற வேலைக்காக இங்கே வந்து தங்கியவர்கள். சிலோன்காரர்கள் என்று நாங்கள் சொல்வோம். அத்தனை வருஷத்தில் ஒருவர் பெயரையும் நான் கேட்டதில்லை. சிவமலர் என்ற பெயரே எனக்குப் பிறகுதான் தெரியும்.

அவர் முகாம் அட்டையை நீட்டினார். இந்தக் கார்டு செல்லாது, உங்களுக்கு வேண்டியதை முகாமில் கொடுப்பார்கள், அங்கே போய்க் கேளுங்கள் என்றேன்.

"தம்பி, தண்ணி முகாமுக்கு வரேல்ல. எங்கட வீட்டுக்குள்ளதான் வந்தது" என்றார்.

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. நகருங்கள் என்றேன். அவர் நகரவில்லை, தனக்கு வேண்டாம், சந்தில் கைக்குழந்தைகள் இருக்கின்றன, பால் பவுடர் மட்டுமாவது தாருங்கள் என்று நிதானமாகக் கேட்டார். அந்த நிதானம்தான் என்னை இன்னும் உசுப்பியது. தோளைப் பிடித்துத் திருப்பித் தள்ளினேன். குப்புறச் சேற்றில் விழுந்தார். கல்லில் பட்டு உதடு கிழிந்து ரத்தம் வந்தது. எழுந்து, அட்டையில் ஒட்டிய சேற்றைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். எஸ்தர் மட்டும் செம்பில் தண்ணீரோடு அவர் பின்னால் ஓடினாள். வரிசை கப்சிப் என்று நின்றது. பார்த்தீர்களா, வரிசையை இப்படித்தான் நிறுத்த வேண்டும் என்று நான் மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

சாயங்காலம் எஸ்தர் கேட்டாள், உன் அக்காவாக இருந்தால் தள்ளியிருப்பாயா என்று. கையை ஓங்கினேன், அடிக்கவில்லை. அன்றைக்கு அடிக்காமல் விட்டதைப் பெரிய ஜெயமாக நினைத்துக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத் தூங்கினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை காலை லாரி வந்தது. சபைக்கு முன்னால் தெரு குறுகலானது. ஒரு பக்கம் ரயில்வே மதில், இன்னொரு பக்கம் கால்வாய். லாரியை நிறுத்தியதும் பாதித் தெரு அடைந்துவிட்டது. இரும்பு கேட்டைப் பூட்டி, அதற்கு முன்னால் ஒரு மேசை போட்டுப் பால் பவுடர் டப்பாக்களோடு எஸ்தரை உட்கார வைத்தேன். பின்னால் பூட்டிய கேட், முன்னால் மேசை. பாதுகாப்பான இடம் என்று நினைத்துத்தான் அங்கே வைத்தேன். நான் லாரிக்குப் பக்கத்தில் நின்று டோக்கனைச் சரிபார்த்தேன்.

பத்து மணி வரைக்கும் ஒழுங்காகப் போனது. அதன் பிறகு ஒரே நம்பர் இரண்டாவது தரம் வர ஆரம்பித்தது. யாரோ எங்கள் மஞ்சள் டோக்கனைக் கலர் ஜெராக்ஸ் எடுத்துவிட்டார்கள். முத்திரைகூட அப்படியே இருந்தது. நல்ல டோக்கன் வைத்திருந்தவர்களுக்குச் சாமான் தீர்ந்துவிடுமோ என்ற பயம் வந்தது. வரிசையில் நின்ற மேட்டுத் தெருக்காரர்கள் பக்கத்துக் கால்வாய்த் தெருக்காரர்களைத் திருடர்கள் என்றார்கள். கால்வாய்த் தெருக்காரர்கள் திருப்பி அதையே சொன்னார்கள். பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் குமார் வந்தான். கால்வாய்த் தெருவில் மூட்டை தூக்குகிறவன். அவன் கொடுத்த நம்பருக்கு ஏற்கெனவே ஒருவர் அரிசி வாங்கிப் போயிருந்தார். இதை எங்கே பிடித்தாய் என்று கேட்டேன்.

"எங்க புடிச்சா இன்னா அண்ணாத்தே. ஊட்ல கொழந்திங்கோ பட்டினியா கீது. மூட்டைய குடு" என்றான்.

சொல்லிக்கொண்டே மூட்டை மேல் கை வைத்தான். நான் அவனை அறைந்தேன். கிரேன் நெம்புகோல் பிடித்த கை. அறை விழுந்ததும் அவன் காதோடு சேர்த்து மூக்கிலும் ரத்தம் வந்தது. ஒரு நொடி தெருவே அமைதியானது. வியாழக்கிழமை மாதிரி எல்லாரும் அடங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அடங்கவில்லை. பந்தலுக்கு நட்டிருந்த சவுக்குக் கட்டையை யாரோ பிடுங்கி என் முதுகில் போட்டார்கள். மேட்டுத் தெருப் பையன்கள் நான்கு பேர் என்னைக் காப்பாற்றுகிறேன் என்று குமார் மேல் விழுந்து மிதித்தார்கள். கால்வாய்த் தெரு முழுக்க லாரி மேல் பாய்ந்தது. கல் பறந்தது. லாரி டிரைவர் கீழே இறங்கி கையெடுத்துக் கும்பிட்டார். மதுரைப் பக்கத்திலிருந்து விடிய விடிய வண்டி ஓட்டி வந்தவர். அவர் நெற்றியில் பாதிச் செங்கல் வந்து விழுந்தது. அவர் அப்படியே சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்.

நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். மேலே ஏறியவர்கள் கத்தியால் தார்ப்பாயைக் கிழித்தார்கள், கத்தி பக்கத்தில் இருந்தவன் தொடையையும் கிழித்தது. ஒரு கம்பளியை இரண்டு பெண்கள் இழுத்தார்கள், ஒருத்தி மற்றவள் கையைக் கடித்தாள், அவள் விடாமல் இவள் தலைமுடியைப் பிடித்து லாரிக் கதவில் மோதினாள். மேலிருந்து தள்ளிய அரிசி மூட்டை ஒரு பெரியவர் தோளில் விழுந்து எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. ஒரு கம்மலுக்காக யாரோ ஒரு காதையே கிழித்தார்கள். பால் பவுடர் டப்பாக்கள் உடைந்து சேற்றில் கொட்டி, வெள்ளைச் சேறு, அதில் ரத்தம். எல்லாரும் எனக்குத் தெரிந்த முகங்கள். ஐந்து நாள் ஒரே மொட்டை மாடியில் ஒரு பிஸ்கட்டை நான்காகப் பங்கிட்டுத் தின்றவர்கள்.

என்னை மூன்று பேர் சுற்றிக்கொண்டார்கள். அடியைத் தடுக்க வலது கையைத் தூக்கினேன். கட்டை இறங்கியது, கை முழங்கைக்குக் கீழே தொங்கிவிட்டது. விழுந்தேன். மிதித்தார்கள். உருண்டு லாரிக்கு அடியில் போய்விட்டேன்.

அங்கேயிருந்து கால்கள்தான் தெரிந்தன. நூற்றுக்கணக்கான கால்கள் சபை கேட்டை நோக்கி நெருக்கிக்கொண்டிருந்தன. சபைக்குள்ளும் மூட்டைகள் இருக்கிறதாக எவனோ கத்தியிருக்கிறான். கேட் பூட்டியிருந்தது. கேட்டுக்கு முன்னால் மேசை. மேசைக்குப் பின்னால் எஸ்தர். மேசை விளிம்பு அவள் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஏறி அவளைக் கம்பியோடு அழுத்தியிருந்திருக்கிறது. அவள் பச்சைப் புடவையின் கரையை அடையாளம் கண்டேன். அவள் கால் இரண்டும் தரையில் இல்லை.

ஊர்ந்து போகப் பார்த்தேன். முறிந்த கையை ஒருவன் மிதித்துக்கொண்டு போனான், கண் இருட்டியது. எஸ்தர் என்று கத்தினேன், என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. ஜெபித்தேன். முதலில் ஜெபித்தது என்ன தெரியுமா, இவர்கள் கை முறியட்டும் ஆண்டவரே என்றுதான். முறிந்து கிடந்தது என் கை. அப்புறம் போலீஸை அனுப்பும் என்றேன். அவர்கள் வண்டி சேற்றில் சிக்கிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றது பிறகு தெரிந்தது. அந்தப் பச்சைக் கரை ஆடாமல் நின்றுவிட்டது. அப்போதுதான் உண்மையான ஜெபம் வந்தது. அறைந்தது நான், ஆண்டவரே, அதன் கணக்கை அவளிடம் கேட்காதேயும். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கூட்டத்தின் கடைசியில், தெருவின் அந்தக் கோடியில், கால்கள் மடங்குவதைப் பார்த்தேன். முதலில் எனக்குப் புரியவில்லை. சுட்டுவிட்டார்களோ என்று பயந்தேன். ஒரு வரிசைக் கால்கள் மறைந்து அங்கே மடிகளும் முதுகுகளும் தெரிந்தன. அடுத்த வரிசையும் அப்படியே இறங்கியது. மனிதர்கள் சேற்றில் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.

சிவமலர் அம்மாவும் அந்தச் சந்துப் பெண்களும்தான் அது. ஆண்கள் பெயிண்ட் வேலைக்குப் போயிருந்தார்கள். டோக்கன் கிடைக்காததால் இந்தப் பெண்கள் வரிசையில் இல்லை, அரிசி ஆலை மேட்டில் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதனால்தான் கேட்டில் நடப்பது அவர்களுக்குத் தெரிந்தது. கூட்டத்தின் கடைசியில் இருந்தவனுக்கு முன்னால் ஒரு பெண் நசுங்குகிறாள் என்று தெரியாது, அவன் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். நானாக இருந்தால் கேட்டுக்கு ஓடியிருப்பேன். அவர்கள் ஓடவில்லை. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துச் சங்கிலியாக வந்து, கடைசியில் நின்றவர்களின் லுங்கியையும் புடவையையும் பிடித்துக் கீழே இழுத்து உட்கார வைத்து, தாங்களும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவன் தள்ள முடியாது. உட்கார்ந்தவர்களைத் தாண்டி இன்னொருவன் வர முடியாது.

"நிலத்தில இருங்கோ. எல்லாரும் நிலத்தில இருங்கோ. அங்க ஒரு பிள்ளை சாகுது."

அந்தக் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கத்தல் இல்லை, அழுகை இல்லை. ஒரே சுருதியில் சொல்லிக்கொண்டே வந்தார். யாரோ கால்வாய்த் தெருக் கிழவி ஒருத்தி குந்துங்கடா, குந்துங்கடா என்று சேர்ந்துகொண்டாள். சிலர் உட்காராமல் அடித்தார்கள். ஒருவன் சோடா பாட்டிலைச் சிவமலர் அம்மா தலையில் உடைத்தான். ரத்தம் கண்ணை மறைத்தது. அவர் எழுந்திருக்கவில்லை, கையும் ஓங்கவில்லை, அவன் லுங்கியைப் பிடித்த பிடியை விடவும் இல்லை. அவர் தலையிலிருந்து வழிகிறதைப் பார்த்துப் பயந்துபோய் அவனே உட்கார்ந்துவிட்டான்.

எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அழுத்தம் பின்னாலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மேசை சரிந்தது. எஸ்தர் கேட்டில் உரசியபடி கீழே இறங்கிச் சுருண்டாள். நான் முழங்காலாலும் ஒற்றைக் கையாலும் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது உதடு நீலமாக இருந்தது. மூச்சு இல்லை. சிவமலர் அம்மா என்னை ஒதுக்கிவிட்டு அவள் பக்கத்தில் மண்டியிட்டார். வாயில் இருந்த சேற்றையும் பால் பவுடரையும் விரலால் வழித்தார். மூக்கைப் பிடித்து வாயில் வாய் வைத்து ஊதினார். அவருடைய ரத்தம் எஸ்தர் முகத்தில் சொட்டியது. இரண்டு நாளுக்கு முன்னால் நான் கிழித்த அதே உதடுதான் ஊதியது. ஐந்தாவது தரமோ ஆறாவது தரமோ எஸ்தர் இருமினாள். அந்த இருமலைப் போல ஒரு சத்தத்தை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. சேற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

லாரியின் தார்ப்பாய் ஒன்றில் எஸ்தரைக் கிடத்தி நான்கு பேர் ரயில் தண்டவாளம் ஓரமாகவே தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு முனையைப் பிடித்தவர்களில் குமாரும் ஒருவன். அவன் முகம் பாதி வீங்கியிருந்தது. பட்டாபிராமில் ஆட்டோ கிடைத்தது. அரசு ஆஸ்பத்திரியில் எஸ்தருக்கு விலா எலும்பு நான்கு முறிந்திருக்கிறது, ஒரு நுரையீரலில் காயம் என்றார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் யாரும் சாகவில்லை. கை, கால், மண்டை உடைந்தவர்கள் பலர். ஆனால் யாரும் சாகவில்லை.

எனக்கு மாவுக்கட்டுப் போட்ட அறைக்கு வெளியே பெஞ்சில் சிவமலர் அம்மா தலையில் தையலோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்காரத் தைரியம் இல்லை, எதிரில் தரையில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. நான் தள்ளிவிட்டும் எனக்காக ஏன் வந்தீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"உனக்காக வரேல்ல, தம்பி" என்றார். "அந்தப் பிள்ளை எனக்குத் தண்ணி தந்தவள்."

பிறகு அவராகவே சொன்னார். போரின் கடைசி மாதங்களில் கடற்கரை ஓரத்தில் லட்சக்கணக்கில் சனம் அடைபட்டுக் கிடந்ததாம். ஒரு வேளைக் கஞ்சிக்கு வரிசையில் நிற்க வேண்டுமாம். ஒரு நாள் எங்கோ தூரத்தில் செல் என்கிற பீரங்கிக் குண்டு விழுந்த சத்தம் கேட்டு வரிசை கலைந்து ஓடியிருக்கிறது. இவருடைய மகளுக்குப் பத்தொன்பது வயது.

"என்ர மகள் செல் விழுந்து சாகேல்ல. கஞ்சி வரிசை குலைஞ்சுதான் செத்தவள். சனம் மிதிச்சுச் செத்தவள். அதுக்குப் பிறகு நாங்கள் பொம்பிளையள் சேர்ந்து ஒருத்தரையும் நிக்க விடேல்ல. நிலத்தில இருத்தி வச்சுத்தான் கஞ்சி குடுத்தனாங்கள்."

அழாமல்தான் சொன்னார். நான் அவர் காலைப் பிடித்தேன். அவர் என் மாவுக்கட்டைத் தொட்டுப் பார்த்து, நோகுதா என்று கேட்டார்.

குமாரையும் பார்க்கப் போனேன். கால்வாய் ஓரத்தில் அவன் வீடு இருந்த இடத்தில் சுவர் ஒன்றுதான் நின்றது. அவனுக்கு எங்கள் ரேஷன் கடையிலேயே கார்டு உண்டு. வெள்ளம் வீட்டோடு சேர்த்து அதையும் கொண்டுபோயிருந்தது. வியாழக்கிழமை வெறுங்கையோடு என் வரிசையில் வந்து நின்றானாம், கார்டு இல்லாமல் எதற்கு வந்தாய் என்று நான்தான் விரட்டினேனாம். எனக்கு ஞாபகமே இல்லை. வேறு வழி தெரியாமல் தெருவில் யாரோ எடுத்த ஜெராக்ஸில் ஒன்றை வாங்கிக்கொண்டான். எல்லாம் இழந்தவர்களிடம் காகிதம் கேட்ட முட்டாள்தனம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சொன்னது ஒன்றுதான், "அந்தம்மா வரலேன்னா நீயும் நானும் ஜெயில்ல குந்திகினு இருப்போம்."

அந்த லாரியில் மிஞ்சியதையும், அடித்துப் பிடுங்கிப் போனவர்களில் சிலர் வெட்கப்பட்டுத் திருப்பிக் கொண்டுவந்து வைத்ததையும் அடுத்த வாரம் கொடுத்தோம். டோக்கன் இல்லை, கார்டு இல்லை. முதல் நாள் சிவமலர் அம்மாவும் சந்துப் பெண்களும் நாங்களும் ஒவ்வொரு வாசலாகப் போய் யார் யார் இருக்கிறார்கள், அடுப்பு எரிகிறதா என்று கண்ணால் பார்த்து வந்தோம். மறுநாள் எல்லாரையும் பத்துப் பத்துப் பேராகத் தரையில் உட்கார வைத்து, சாமானை அவர்கள் மடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். இரண்டு தெருவையும் கலந்துதான் உட்கார வைத்தார் அந்த அம்மா. சந்துக் குடும்பங்களும் அவர்களோடு உட்கார்ந்தன. போன மழைக்குப் பாரிவாக்கம் பக்கம் தாழ்வான குடிசைகளுக்கு உதவி கொண்டுபோனபோதும் அப்படியே செய்தோம். ஒரு சின்னத் தள்ளுமுள்ளுகூட இல்லை. அவர் எங்கள் சபைக்கு வருகிறவர் இல்லை, கோயிலுக்குப் போகிறவர். அதனால் என்ன. கர்த்தர் யாரை அனுப்ப வேண்டும் என்று என்னைக் கேட்டு அனுப்புவதில்லை.

எஸ்தர் இரண்டு மாதம் கழித்துத்தான் நிமிர்ந்து நடந்தாள். இன்றைக்கும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. என் கை ஒட்டிவிட்டது, கிரேனும் ஓட்டுகிறேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அந்தக் கையை நான் யார் மேலும் ஓங்கவில்லை. இதை என் வார்த்தையை வைத்து நம்ப வேண்டாம். எஸ்தரைத் தனியாகக் கேளுங்கள்.

இந்தச் சாட்சியை எழுதி முதலில் அவளிடம்தான் படித்துக் காட்டினேன். லாரிக்கு அடியில் கிடந்து நான் ஜெபித்தேன், கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று எழுதியிருந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்.

"உன் ஜெபம்னு மட்டும் எழுதாத. நீ அடிச்சிட்டு முட்டி போட்டு அழுவ பாரு, அப்பல்லாம் நானும் அடுப்பாண்ட நின்னுகினு ஜெபம் பண்ணிகினுதான் இருந்தேன். இந்தாளு கை நிக்கணும் ஆண்டவரேன்னு. பன்னெண்டு வருசமா கேட்டேன். எது மொதல்ல போய்ச் சேர்ந்துதுன்னு உனக்கு இன்னா தெரியும்?"

அந்த வரியை அடித்துவிட்டேன். நான் அவள் உயிருக்காகக் கேட்டேன், அவள் என் கைக்காகக் கேட்டாள். இரண்டையும் கர்த்தர் ஒரே நாளில், நான் சேற்றில் தள்ளிய ஒருவரைக் கொண்டு கொடுத்தார்.

சகோதரரே, சகோதரிகளே, உங்கள் இக்கட்டில் அவரை நம்பிக் கூப்பிடுங்கள். அவர் கேட்கிறார், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கூப்பிடுவதற்கு முன்னால் எழுந்து சமையலறைக்குப் போங்கள். அங்கே உங்களைப் பற்றி ஒருவர் என்ன ஜெபித்துக்கொண்டிருக்கிறார் என்று கேளுங்கள். அவர் சொன்னால், முழங்காலில் நின்று முதலில் அதையே நீங்களும் கேளுங்கள்.